வினாவைச் சுற்றிவிடும் முறை: வினாடி-வினாப் போட்டிக்கு ஒரு புதிய ஒழுங்கு

அறிவைச் சோதிப்பதற்கு வினாவே தக்க கருவி என்பது நம் நாட்டில் நெடுங்காலமாக நிலைபெற்ற கொள்கை. வினாவுக்கு ஒரு முறை உண்டு என்பதும் அதனோடு சேர்ந்தே வந்துள்ளது. பிரச்னோபநிஷத்தின் அமைப்பே அதற்குச் சான்று. அறுவர் பிப்பலாத மஹரிஷியை அணுகி, ஒருவர்பின் ஒருவராக ஆளுக்கொரு கேள்வி கேட்கின்றனர். அஷ்டாவதானத்திலும் ப்ருச்சகர்கள் எண்மர் முறை வைத்தே அவதானியை வினவுகின்றனர். இவ்விடங்களில் எவர் முன், எவர் பின் என்பதால் ஒருவருக்கும் நஷ்டமில்லை. ஏனெனில் வினவுவோர் பலர், விடையிறுப்பவர் ஒருவர். வினவுபவர் ஒருவராகவும் விடையிறுப்போர் பலராகவும் மாறும்போதுதான் முறை என்பது சிக்கலாகிறது. அச்சிக்கலையே ஈண்டு ஆராயப் புகுகிறோம்.

உற்சவ காலங்களில் மண்டபங்களிலும், ஆண்டு விழாக்களில் பள்ளிகளிலும் சிறுவர்களுக்கு வினாடி-வினா நடத்துவது இன்று எங்கும் வழக்கம். இம்மலரைக் கையிலேந்தும் அன்பர்களிலும் ஆசிரியர்கள் பலர் இருக்கக்கூடும். ஊர் திரும்பியதும் ஒரு போட்டியை முன்னின்று நடத்தும் பொறுப்பு அவர்கள் தலையில் விழக்கூடும். வினாக்களைத் திரட்டப் பல நாள் உழைப்போர், அவ்வினா எந்த வரிசையில் எவரிடம் செல்லவேண்டும் என்பதைப் பற்றி ஒரு நாழிகைகூடச் சிந்திப்பதில்லை. ஆனால் கோப்பை யாருக்கு என்பதைப் பல சமயம் தீர்மானிப்பது அவ்வரிசையே.

இப்போட்டியின் வரலாற்றைச் சுருங்கச் சொல்லி மேலே செல்வோம். அமெரிக்க வானொலியில் 1953-ல் கல்லூரி மாணவர்களுக்காக ‘காலேஜ் பௌல்’ என்னும் போட்டி தொடங்கிற்று. அதைத் தழுவி இங்கிலாந்தில் 1962-ல் ‘யுனிவர்ஸிடி சாலஞ்ச்’ தொலைக்காட்சியில் வந்தது. கல்கத்தாவில் 1967-ல் நீல் ஓ'பிரையன் நடத்திய பொதுப்போட்டியை நம் நாட்டில் இத்துறையின் தொடக்கமாகக் கொள்வர். 1972-ல் போர்ன்விட்டா வினாப் போட்டி வானொலியில் ஒலிக்கலாயிற்று. 1985-ல் சித்தார்த்த பாசுவின் ‘க்விஸ் டைம்’ தூர்தர்சனில் வந்தபின் இக்கலை பட்டிதொட்டியெல்லாம் பரவிற்று. மேலைநாட்டு நிகழ்ச்சிகளில் பஸ்ஸர் என்னும் மணியை முதலில் அழுத்துபவருக்கே உரிமை. நம் நாட்டிலோ, முறை வைத்துக் கேட்பதும், விடை தெரியாவிடில் அடுத்த அணிக்கு ‘பாஸ்’ செய்வதுமே பெருவழக்காயின. கை வேகத்தைக் காட்டிலும் யோசனைக்கு இடமளிப்பதாகையால் சிறுவர்களுக்கு இதுவே ஏற்றது என்பது அடியேனின் துணிபு.

முறை வைக்கும் வழக்கிலும் இரு வகை உண்டு. ஒன்றில் ஒவ்வோர் அணிக்கும் நேர்வினா சம எண்ணிக்கையில் வரும். முதல் வினா முதல் அணிக்கு, இரண்டாவது இரண்டாம் அணிக்கு என்று தொடங்கி, தெரியாத வினா வலப்புறமாகச் சுற்றி வரும். மற்றொன்றில், விடை சொன்ன அணிக்கு அடுத்த அணியிலிருந்து அடுத்த வினா தொடங்கும். இதைப் ‘பவுன்ஸ்’ என்று வழங்குவர்.

இவ்விரண்டிலும் உள்ள குறையைக் காண்போம். ஐந்து அணிகள் வட்டமாக அமர்ந்துள்ளன என்க. முதல் அணியினர் மிக வல்லவர். பத்து வினாக்களில் ஒன்பதுக்கு விடை அறிவர். ஏனைய நான்கு அணிகளும் ஒரே தரத்தினர். பத்தில் ஐந்து அறிவர். முதல் வகைப் போட்டியில், இரண்டாம் அணிக்கு வரும் பாஸ் வினா ஒவ்வொன்றும் முதல் அணியைக் கடந்துதான் வரவேண்டும். எவ்விடத்தில் தொடங்கினாலும் சரி, தனக்கு நேராகக் கேட்கப்பட்டதைத் தவிர மற்ற நான்கிலும் முதல் அணி அதற்கு முன்னே நின்று வாங்கிக்கொள்கிறது. ஐந்தாம் அணிக்கோ, முதல் அணிக்கு நேராகக் கேட்கப்பட்ட வினா ஒன்றில் மட்டுமே இந்த இடையூறு. இருபது வினாக்கள் கொண்ட போட்டியில் கணக்கிட்டுப் பார்த்தால், சராசரியாக இரண்டாம் அணிக்குக் கைக்கு வரும் பாஸ் வினா 0.75. மூன்றாம் அணிக்கு 2.35, நான்காம் அணிக்கு 3.15, ஐந்தாம் அணிக்கு 3.55. நால்வரும் அறிவில் சமமானவர் என்பதை நினைவிற் கொள்ளவேண்டும். ஒருவருக்கு ஒரு வாய்ப்புக்கூட முழுதாக இல்லை, மற்றவருக்கு மூன்றரை. வேறுபாடு அவர்கள் அமர்ந்த நாற்காலியில்தான்.

ஐந்து மதிப்பெண்ணில் பரிசு கைமாறும் போட்டிகளில் இது சிறிய விஷயமன்று. அதனினும் பெரிது ஒன்றுண்டு. தோற்ற சிறுவன் ‘எனக்கு ஒன்றும் தெரியவில்லை’ என்று எண்ணிக்கொண்டு வீடு திரும்புகிறான். அவனுக்குத் தெரியாமற் போகவில்லை. அவனை யாரும் கேட்கவில்லை. கேட்கப்படாமையையும் அறியாமையையும் மதிப்பெண் பலகை வேறுபடுத்திக் காட்டுவதில்லை.

இரண்டாம் வகையாகிய பவுன்ஸில் நிலைமை தலைகீழாகிறது. அங்கே ஒவ்வொரு முயற்சிக்குப் பின்னும் முறை ஓர் இடம் நகர்வதால் எல்லா அணிகளுக்கும் முயற்சிகள் ஏறக்குறைய சமமாகவே கிடைக்கின்றன, அதுவரை நல்லதே. ஆனால் வல்லவர் விடை சொன்னவுடன் புதிய வினா பக்கத்து அணிக்கு நேராக வருகிறது. எளியவருக்கு அடுத்து அமர்ந்தவருக்கோ, பிறர் முயன்று கைவிட்ட கடின வினாவே அடிக்கடி வருகிறது. முதல் வகையில் சாபமாக இருந்த அதே நாற்காலி இரண்டாம் வகையில் வரமாகிவிடுகிறது. விதியை மாற்றியதால் அநீதி நீங்கவில்லை, இடம் மாறிற்று.

இக்குறையை வினா நடத்துவோர் அறியாதவரல்லர். பாதிப் போட்டியை வலமாகவும் மறுபாதியை இடமாகவும் சுற்றுவது அவர்கள் கண்ட பரிகாரம். முன் சொன்ன கணக்கின்படி, இவ்வாறு செய்தால் வல்ல அணியின் இருபுறமும் உள்ளோருக்கு 2.15 வாய்ப்பும், தள்ளி அமர்ந்தோருக்கு 2.75 வாய்ப்பும் கிடைக்கும். பெருமளவு நன்மையே. எனினும் வேறுபாடு எஞ்சுகிறது. இன்னொரு பரிகாரம், வினா நேர் அணிக்குச் செல்லுமுன்பே, விடையில் உறுதியுள்ள எவ்வணியும் எழுதித் தந்து முந்திக்கொள்வது. தவறினால் மதிப்பெண் குறைக்கப்படும். ஆங்கிலத்தில் இதன் பெயரும் முன் சொன்னதன் பெயரும் முதலெழுத்தால் மட்டுமே வேறுபடும். நம் லிபியிலோ இரண்டும் ‘பவுன்ஸ்’ என்றே ஆகிவிடுகின்றன. க்ரந்தத்தில் எழுதினால் இந்தத் தொல்லை இல்லை! இம்முறை கற்றுத் தேர்ந்தோர் ஸதஸுக்கு மிகப் பொருத்தம். ஆனால் ஓடியாடி விடைச்சீட்டு வாங்கத் தொண்டர் பலர் வேண்டும். குறைக்கும் மதிப்பெண்ணுக்கு அஞ்சிக் கூச்சமுள்ள பிள்ளை வாயே திறவாமலும் போகலாம்.

ஆகவே, எளிய சாதனங்களைக் கொண்டே, எந்த அணியும் எந்த அணிக்கும் நிரந்தரமாகப் பின்னால் நில்லாதபடி ஓர் ஒழுங்கு வகுக்க இயலுமா என்று பார்த்தால், இயலும். நாற்காலிகளை மாற்ற வேண்டியதில்லை. வினா தாண்டும் தூரத்தை மட்டும் மாற்றினால் போதும்.

அணிகள் ஐந்து, வினாக்கள் இருபது. ஐந்து ஐந்தாக நான்கு சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வோர் அணிக்கும் ஒரு நேர்வினா. முதற்சுற்றில் தெரியாத வினா அடுத்த அணிக்குச் செல்லும். இரண்டாம் சுற்றில் ஓர் அணியை விட்டு அதற்கடுத்த அணிக்குச் செல்லும். மூன்றாம் சுற்றில் இரண்டு அணிகளை விட்டு, நான்காம் சுற்றில் மூன்று அணிகளை விட்டுச் செல்லும். நான்காம் சுற்று பார்ப்பதற்குப் பின்னோக்கிச் சுற்றுவது போலவே இருக்கும். முதல் அணியில் தொடங்கும் வினாவை உதாரணமாகக் கொண்டால், அது செல்லும் வழி இவ்வாறு அமையும்:

முதற்சுற்று: 1, 2, 3, 4, 5
இரண்டாம் சுற்று: 1, 3, 5, 2, 4
மூன்றாம் சுற்று: 1, 4, 2, 5, 3
நான்காம் சுற்று: 1, 5, 4, 3, 2

வேறு அணியில் தொடங்கினாலும் இதே தாண்டல்தான். எண்ணுவதில் ஐயம் வேண்டா. பஞ்சாங்கம் பார்ப்போர் நக்ஷத்திர எண் 27-ஐத் தாண்டினால் 27-ஐக் கழித்து மிச்சத்தைக் கொள்வது போல, இங்கே எண் ஐந்தைத் தாண்டினால் ஐந்தைக் கழிக்கவேண்டும். மூன்றாம் சுற்றில் நான்காம் அணிக்குப் பின் யார்? நான்கும் மூன்றும் ஏழு. ஐந்து போக இரண்டு. இரண்டாம் அணி.

இவ்வொழுங்கின் பயனை இரண்டாம் அணியின் நிலையிலிருந்து பார்க்கலாம். அதற்கு இரண்டாம் வாய்ப்பு நான்கு முறை வருகிறது. முதற்சுற்றில் முதல் அணிக்குப் பின்; இரண்டாம் சுற்றில் ஐந்தாம் அணிக்குப் பின்; மூன்றாம் சுற்றில் நான்காம் அணிக்குப் பின்; நான்காம் சுற்றில் மூன்றாம் அணிக்குப் பின். நால்வருக்குப் பின்னும் ஒவ்வொரு முறை. ஒருவர் பின்னும் இருமுறை இல்லை. இரண்டாம் வாய்ப்பில் மட்டுமன்று, இருபது வினாக்களின் வரிசைகளையும் எழுதிப் பார்ப்போர் இன்னொன்றும் காண்பர். எந்த இரு அணிகளை எடுத்துக்கொண்டாலும், ஒன்று முதலிடத்தில் நிற்க மற்றது மூன்றாமிடத்தில் நிற்பது ஒரே ஒரு முறை. ஒன்று நான்காமிடத்தில் நிற்க மற்றது இரண்டாமிடத்தில் நிற்பதும் ஒரே ஒரு முறை. எந்த ஜோடிக்கும் எந்த இரு இடங்களுக்கும் இது பொருந்தும். முன் சொன்ன வல்ல அணி இப்போதும் பத்தில் ஒன்பது அறிந்ததாகவே இருக்கட்டும். ஏனைய நால்வருக்கும் கிடைக்கும் பாஸ் வாய்ப்பு ஆளுக்கு 2.45. தசமஸ்தானத்திலும் வேறுபாடு இல்லை. வல்ல அணிக்கு வரும் வாய்ப்பில் ஒரு குன்றிமணி அளவும் இதனால் குறையவில்லை என்பதையும் சொல்லவேண்டும். அதன் பலத்தை யாரும் பறிக்கவில்லை; அப்பலத்தின் நிழல் ஒருவர் தலையிலேயே விழாமல் நால்வர் மேலும் சமமாக விழுகிறது, அவ்வளவே.

வரிசைகளை முன்னும் பின்னும் மாற்றி அமைத்துப் பார்ப்பது நமக்குப் புதிதன்று. அத்யயனம் செய்தோர் க்ரமம், ஜடை, கனம் என்று சொற்களை இணைத்தும் திருப்பியும் ஓதுவதை அறிவர். அங்கே நோக்கம் பாடம் பிழையாமல் காத்தல். நாராயண பண்டிதர் 1356-ல் இயற்றிய கணித கௌமுதியில், எண்களை எத்தனை விதமாக வரிசைப்படுத்தலாம் என்பதற்கென்றே அங்கபாசம் என்னும் பகுதி உண்டு. ஐந்து அணிகளை 120 விதமாக வரிசைப்படுத்தலாம். அத்தனையும் எடுத்துக்கொண்டால் எல்லாக் குறைகளும் ஒழியும். ஆனால் 120 வினாக்கள் முடியுமுன் பிள்ளைகள் உறங்கிவிடுவார்கள். அந்த 120-ல் தக்க இருபதைப் பொறுக்கி எடுப்பதே இம்முறை.

ஏன் ஐந்து, ஆறானால் ஆகாதா என்று கேட்கலாம். ஆகாது. ஆறு அணிகளில் ஒன்றை விட்டு ஒன்று தாண்டினால் 1, 3, 5 என்று சென்று மீண்டும் 1-க்கே வந்துவிடும். 2, 4, 6 ஆகிய அணிகளை வினா எட்டிப் பார்ப்பதே இல்லை. இரண்டை விட்டுத் தாண்டினால் இன்னும் மோசம். 1, 4 என்ற இருவரோடு முடிந்துவிடும். தன்னாலும் ஒன்றாலும் அன்றி வேறெந்த எண்ணாலும் வகுபடாத எண்ணிக்கையே இதற்கு வேண்டும். ஐந்துக்கு அடுத்தது ஏழு. அதற்கு ஆறு சுற்றும் 42 வினாக்களும் தேவை. பெரியோர் போட்டிக்கு அது பரவாயில்லை. சிறுவர்க்கு ஐந்தே சிறப்பு. பல அணிகள் வந்திருந்தால், எழுத்துத் தேர்வு வைத்து ஐந்து அணிகளைத் தெரிந்தெடுத்துக்கொள்வது நலம்.

ஒரு வரம்பையும் மறைக்கலாகாது. வல்ல அணிகள் இரண்டு இருந்தால் சிறு வேறுபாடு எஞ்சத்தான் செய்யும். முதல் அணியும் இரண்டாம் அணியும் வல்லவராயின், அவ்விருவருக்கும் அடுத்தாற்போல் மூன்றாமிடத்தில் நிற்கும் நிலை மூன்றாம் அணிக்கும் ஐந்தாம் அணிக்கும் ஒவ்வொரு முறை நேர்கிறது. நான்காம் அணிக்கு நேர்வதே இல்லை. போட்டி தொடங்குமுன் அணிகளுக்கு எண் கொடுப்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்தால் இந்த எச்சத்துக்கு யாரும் பொறுப்பாகமாட்டார்கள்.

முறை செம்மையானால் மட்டும் போதாது. சுற்றிவிடத் தகுந்த வினாவாகவும் இருக்கவேண்டும். ‘காவிரி தோன்றுவது கர்நாடகத்திலா, தமிழகத்திலா?’ என்பது போன்ற வினாவைப் பாஸ் செய்யவே கூடாது. முதல் அணி தவறிய அக்கணமே அடுத்த அணிக்கு விடை இலவசமாகக் கிடைத்துவிடுகிறது. ஆம், இல்லை என்று முடியும் வினாக்களும் அத்தகையனவே. ஆண்டு கேட்கும் வினாவிலும் இக்குறை சற்று உண்டு. முன்னவர் சொன்ன பிழை பின்னவருக்கு வழிகாட்டுகிறது. இதற்கு மாறாக, ‘செப்டம்பர் ஒன்பதாம் மாதமாயிருக்க, அதன் பெயர் ஏழு என்னும் எண்ணைக் குறிப்பது ஏன்?’ என்று கேளுங்கள். பழைய ரோமானிய ஆண்டு மார்ச்சு மாதத்தில் தொடங்கிற்று என்பது விடை. ஸப்த என்னும் சொல்லை அறிந்த பிள்ளை பாதி வழி தானே நடந்துவிடும். அக்டோபர், அதாவது அஷ்ட, என்பதைச் சேர்த்துப் பார்த்தால் மீதி வழியும் தெரியும். நால்வர் தவறினாலும் ஐந்தாமவருக்கு வினா கெட்டுப்போவதில்லை. மனப்பாடம் செய்ததைக் கக்கச் சொல்லும் வினாவைவிட, தெரிந்ததைக் கொண்டு தெரியாததை எட்டச் சொல்லும் வினாவே சுற்றுவதற்குரியது.

மதிப்பெண்ணைப் பொறுத்தவரை நேர்வினாவுக்குப் பத்து, பாஸ் வினாவுக்கு ஐந்து என்பது பள்ளிகளில் பெருவழக்கு. இரண்டுக்கும் பத்தே வழங்குவது நியாயம் என்று தோன்றுகிறது. நால்வர் அறியாததை அறிந்த பிள்ளைக்குப் பாதி மதிப்பெண் என்பது எந்தக் கணக்கு? பாஸ் வாய்ப்பு அதிர்ஷ்டத்தால் வந்தது என்பதாலேயே அதைக் குறைத்து மதித்தனர். வாய்ப்பு சமமாகப் பங்கிடப்பட்டபின் அந்தக் காரணம் நில்லாது. நேர்வினாவுக்கு அரை நிமிஷமும், பாஸ் வினாவுக்குப் பத்து விநாடியும் தரலாம். மற்றவர் யோசித்த நேரமெல்லாம் பின்னவரும் யோசித்திருப்பராதலால் அது போதும்.

நடத்துவோர் கவனிக்கவேண்டியவை இன்னும் சில. ஒரு சுற்றின் ஐந்து வினாக்களும் ஒரே துறையிலும் ஒத்த கடினத்திலும் இருக்கட்டும். ஒவ்வொன்றையும் தனித்தனி உறையிலிட்டு ஒட்டி, நேர்வினாவுக்குரிய அணித் தலைவனையே ஓர் உறையை எடுக்கச் சொன்னால், எளிய வினாவைத் தம்மவருக்குக் கொடுத்தார் என்னும் பழி வராது. மேலே எழுதிய நான்கு வழிகளையும் பெரிய அட்டையில் எழுதிச் சபையோர் காணத் தொங்கவிடவேண்டும். வினா எங்கே போகிறது என்பதைப் பார்வையாளர்களும் விரல்விட்டு எண்ணத் தொடங்குவார்கள். நடத்துநர் தடுமாறினால் அவர்களே திருத்துவார்கள். ஐவரும் தவறிய வினாவைச் சபைக்கு விடலாம். அதற்கு மதிப்பெண் வேண்டா, ஒரு பேனா போதும்.

இருபது வினாக்களின் முடிவில் இரு அணிகள் சமமாக நின்றால், அங்கே முறை வைத்துக் கேட்கலாகாது. ஒரே வினாவை இருவரிடமும் ஒருங்கே கேட்டு, விடையைச் சிலேட்டில் எழுதச் செய்து, ஒரே சமயத்தில் உயர்த்திக் காட்டச் சொல்லவேண்டும். ஒருவர் சரியாகவும் மற்றவர் தவறாகவும் எழுதும் வரையில் அவ்வாறே அடுத்தடுத்த வினாக்களைத் தொடரலாம்.